காது எப்படி இருந்தது? – மகப்பேறு மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

என் மனைவி என்னிடம் ஒரு கேள்வியை அவ்வப்போது கேட்பாள். சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கேட்பாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது கேட்பாள். விளக்கை அணைத்து அரை மணி நேரமான பிறகு, இவர் தூங்கியிருப்பார் என்று அவளே நினைக்கிற நேரத்தில் கேட்பாள். "காது எப்படி இருந்தது?" யாருடைய காது என்று நான் திருப்பிக் கேட்டதில்லை.

எங்கள் மகளின் காது. 2019 நவம்பர் 29ஆம் தேதி காலை 10.42க்குப் பிறந்து, பகல் 12.31க்கு இறந்துபோனவள். அந்த ஒரு மணி நாற்பத்தொன்பது நிமிடமும் அவள் என் கையில்தான் இருந்தாள். முப்பத்தாறு வாரம் சுமந்தவள் முப்பது தப்படி தள்ளிப் படுத்திருந்தாள். அவள் பார்க்கவில்லை. காட்டவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கட்டடத்தின் குற்றமாக இது சுருங்கிவிடும். இதற்குப் பிறகு பிள்ளையை இப்படிப் பறிகொடுத்த சில குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். ஊர் வேறு, மருத்துவமனை வேறு, சாதி வேறு. அவர்களிடம் சொல்லப்பட்ட சொல் மட்டும் ஒன்றுதான்: "தாங்காது."

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நாங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் போனோம். ஆடி முடியட்டும் என்று வீட்டில் சொன்னார்கள், கேட்டுக்கொண்டோம். ஆவணி பிறந்து போனபோது இருபத்தொரு வாரம் முடிந்திருந்தது. ஸ்கேன் எடுத்த மருத்துவர் கருவியை வயிற்றில் வைத்தார், இன்னும் கொஞ்சம் ஜெல் தடவினார், மறுபடி வைத்தார். அதுவரை ஊர், வேலை என்று விசாரித்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். திரையில் பிள்ளையைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிய வேண்டிய பனிக்குட நீர் இல்லை.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வெளியே கூட்டம் காத்திருக்க, கதவைச் சாத்திவிட்டு எங்களுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார். நான்கு மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகங்களுமே இல்லை. அதனால் நீர் இல்லை, நீர் இல்லாததால் நுரையீரல் வளராது. வயிற்றுக்குள் இருக்கும்வரை தாயின் உடம்பு நஞ்சுக்கொடி வழியாக எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும், வெளியே வந்ததும் மூச்சு நிலைக்காது. நீர் இல்லாத வயிற்றில் படமும் தெளிவாக விழாது என்று சொல்லி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேறோர் இடத்துக்கும் எழுதிக்கொடுத்தார். அங்கும் அதையே சொன்னார்கள்.

கலைக்கலாமா என்ற பேச்சு வந்தது. அன்றைய சட்டத்தில் 20 வாரம்தான் எல்லை. அதைத் தாண்டினால் நீதிமன்றப் படி ஏற வேண்டும். 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது பிள்ளைக்குக் கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால் வார எல்லை தடையில்லை. இந்த வசதி அன்று இருந்திருந்தால் நாங்கள் என்ன முடிவெடுத்திருப்போம்? பலமுறை பேசிப் பார்த்துவிட்டோம். இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. கலைத்தவர்களை விட நாங்கள் மேலானவர்கள் என்ற நினைப்பு எங்களுக்கு ஒருநாளும் இல்லை. நாங்கள் நீதிமன்றம் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆக, பதினான்கு வாரம் கையிலிருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு வேண்டாம் என்றார் என் மாமியார். தங்காத பிள்ளைக்கு எதற்கு என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னார். என் மனைவி கேட்கவில்லை. "உள்ளே இருக்கிறவரைக்கும் காது கேட்கும் என்று டாக்டர் சொன்னாரே. வளையல் சத்தத்தையாவது கேட்டுவிட்டுப் போகட்டும்" என்றாள். பெரிய கூட்டமில்லை. ஐந்து வகைச் சாதம், ஏழெட்டுப் பெண்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அதற்குப் பிறகு வீட்டில் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பது சத்தத்திலேயே தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கையைக் குலுக்கிக்கொண்டே இருப்பாள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், பிரசவத்துக்கு வந்தவளுக்கு எல்லாம் தெரியும். பிள்ளை நிலைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு, அதோடு மூன்று மாதத்துக்கு மேல் குடித்தனம் நடத்திவிட்டு வந்தவள் அவள். அவளுக்குத்தான் தாங்காது என்று நீங்கள் முடிவு செய்தீர்கள்.

பிள்ளை தலை திரும்பாமல் இருந்ததால் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். முதுகில் ஊசி போட்டிருந்ததால் இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது, அவளுக்கு நினைவு நன்றாக இருந்தது. ஒரு சின்னச் சத்தம் கேட்டதாக இன்றும் சொல்வாள், பூனைக்குட்டி தும்முகிற மாதிரி. "என்ன பிள்ளை?" என்று கேட்டிருக்கிறாள். பதில் வருவதற்குள் கையில் ஓர் ஊசி ஏறிவிட்டது. கண் விழித்தபோது சாயங்காலம். குழந்தை ஐ.சி.யூ.வில் இருக்கிறது என்று சொன்னார்கள். அப்போது என் மகள் மண்ணுக்குள் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

பச்சைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். பெண் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். மூச்சுக்கருவி பயன் தராது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தோம், மூக்குக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் குழாயை மட்டும் பிடித்திருந்தார்கள். என் சுண்டுவிரலை அவள் கையில் வைத்தேன், பிடித்துக்கொண்டாள். நகங்கள் இருந்தன. உள்ளங்கால் கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருந்தது. நெற்றி நிறைய முடி. பதினைந்து நிமிடம் கழித்து நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன். எங்கே போகிறீர்கள் என்றார் மூத்த செவிலியர். அம்மாவிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். "வேண்டாம் சார். பச்சை உடம்பு. பார்த்தால் தாங்காது. பார்க்காமலே இருந்தால் சீக்கிரம் மறந்துவிடுவார்கள்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மடலில் நீங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்றிருக்கிறது என்றால், நான் என் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் என்னை அடித்திருக்கப்போவதில்லை. ஆனால் வெள்ளை உடையில் ஒருவர் சொன்னால் நாம் உட்கார்ந்துவிடுகிறோம். எம்.ஏ. படித்தவன், பத்துப் பேருக்குப் புத்தி சொல்கிற வேலையில் இருப்பவன், உட்கார்ந்துவிட்டேன். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தபோதும் "போட்டோ எல்லாம் எதற்கு சார்" என்றார். அதையும் உள்ளே வைத்துவிட்டேன். அதனால் படமும் இல்லை. எல்லாம் முடிந்தபின், இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு சின்ன சிஸ்டர் யாரும் பார்க்காத நேரத்தில் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைக் கத்தரித்து என் சட்டைப் பையில் போட்டார். "பேபி ஆஃப்" என்று போட்டு என் மனைவியின் பெயர் எழுதியிருக்கும். அது அவளுடைய குங்குமச் சிமிழுக்குள் இருக்கிறது. அந்தச் சிஸ்டர் இதைப் படித்தால், அவருக்கு எங்கள் இருவரின் நன்றி.

அட்டைப்பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளுக்கோஸ் பாட்டில்கள் வந்த பெட்டி, பக்கவாட்டில் இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி அச்சடித்தது. அதில்தான் வைத்துத் தந்தார்கள். வழியெல்லாம் மழை. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். வயலெல்லாம் தண்ணீர் நின்றதால் தென்னந்திடலில் மேடு பார்த்துக் குழி எடுத்தோம். நான், என் அப்பா, சித்தப்பா, குழி வெட்ட வந்தவர். பெண்கள் யாரும் வரவில்லை, வரவிடவும் மாட்டார்கள். பெட்டியோடு வைக்க மனம் வராமல் என் மேல்துண்டில் சுற்றி வைத்தேன். பால் ஊற்றினோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 2023 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது ஓர் அரசு மருத்துவமனையில் பிள்ளையின் உடலை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள் என்று செய்தி வந்து நாடே கொதித்தது. பிணவறை ஊழியர் ஒருவரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். அன்று இரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "நம்ம பிள்ளையை எதில் வைத்து எடுத்துப் போனீர்கள்?" நான்கு வருடமாக அவளிடம் சொல்லாத விஷயம் அது. ஒரு வெள்ளைத் துணி, மூடி வைத்த ஒரு சின்னக் கூடை. இதற்கு எந்த மருத்துவமனையிலும் பணத்துக்குப் பஞ்சம் இருக்காது.

பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்வார். அக்காலத்து மறக்குடியில் பிள்ளை இறந்து பிறந்தாலும், உருவமில்லாத தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், அதையும் ஆள் என்று எண்ணி வாளால் கீறித்தான் அடக்கம் செய்வார்களாம். அன்று வகுப்பில் இது எங்களுக்குக் கொடூரமாகத் தோன்றியது. அதிலிருந்த மரியாதை எனக்குத் தெரிந்தது தென்னந்திடலில் நின்றபோதுதான்.

மருத்துவமனைக்குத் திரும்பிக் கணக்கை முடிக்கப் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்: "இறந்தே பிறந்தது என்று எழுதிவிடலாமா சார்? இல்லையென்றால் பிறப்பு ஒரு படிவம், இறப்பு ஒரு படிவம், உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்." அன்று முழுவதும் நான் முடியாது என்று சொன்னது இந்த ஒன்றுக்குத்தான். ஒரு மூச்சு விட்டிருந்தாலும், உயிரின் அடையாளம் ஏதேனும் ஒன்று இருந்திருந்தாலும் அது உயிருள்ள பிறப்பு என்கிறது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். என் மகள் ஒரு மணி நாற்பத்தொன்பது நிமிடம் மூச்சு விட்டாள். 21 நாளுக்குள் இரண்டையும் பதிந்தோம். பிறப்புச் சான்றிதழில் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, அது எங்களோடு இருக்கட்டும்.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. நான் உங்கள்மேல் கொண்டிருக்கும் கோபங்களில் பெரியது எது என்று கேட்டால், கதவருகே நடந்ததைவிட ஒருவேளை இதைத்தான் சொல்வேன். பிள்ளை போய்விட்டது என்பது உடம்புக்குத் தெரியாது, பால் சுரக்கும் என்று உங்களில் ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை. தையலுக்கு மாத்திரை எழுதியவர்கள், பால் நிற்பதற்கு மாத்திரை எழுதவில்லை. ரவிக்கை நனைந்து, காய்ச்சல் அடித்து, மார்பு கல்லாகிவிட்டது. மாமியார்தான், "மாப்பிள்ளை, மல்லிகைப்பூ கிடைக்குமா பாருங்கள், வைத்துக் கட்டினால் பால் வற்றும்" என்றார். கார்த்திகை மழையில் மல்லிகைக்கு எங்கே போவது? மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் அம்மாவிடம் இருந்தது. நான்கு முழம் கேட்டேன். அளந்துகொண்டே, "இந்த விலையிலும் நாலு முழம் வாங்குகிறாயே, வீட்டில் என்ன விசேஷம் தம்பி?" என்றார்.

குழந்தை பிறந்திருக்கிறது என்று சொன்னேன். இன்னொரு அரை முழம் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

தாய்ப்பால் வங்கி என்று ஒன்று இருப்பதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். நம் மாநிலத்தின் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. பிள்ளையை இழந்த தாயும் விரும்பினால் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறாள் என் மனைவி. உண்மையில் கொடுத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஊர் வாயைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அந்த வருடம் ஜூலையில் நடுராத்திரி ஒரு சந்திர கிரகணம் வந்தது. அன்று அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாளாம், அதுதான் காரணமாம். பிள்ளைக்குச் சிறுநீரகம் உருவாகத் தொடங்குவது ஐந்தாவது வாரத்தில். கிரகணம் வந்தபோது அவளுக்கு நடந்துகொண்டிருந்தது பதினேழாவது வாரம். இந்தக் கணக்கை நான் யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டாவது முறை கருத்தரித்தபோது வேறொரு மருத்துவரிடம் போனோம். பழைய தாள்களைப் புரட்டியவர், "உங்கள் இரண்டு பேருக்கும் சிறுநீரக ஸ்கேன் எடுத்தார்களா?" என்றார். இல்லை. இப்படிப் பிள்ளை பிறந்த வீட்டில் பெற்றோருக்கு எடுத்துப் பார்ப்பது வழக்கம் என்றார். எடுத்தோம். எனக்கு இடதுபக்கம் சிறுநீரகம் இல்லை. பிறந்ததிலிருந்தே இல்லை. முப்பத்துநான்கு வயது வரை தெரியாமலே வாழ்ந்திருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் அம்மா உட்பட எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஸ்கேன் தாளைப் படித்துக்காட்டினேன். அதன்பின் கிரகணப் பேச்சு நின்றது. ஒரு நூறு வார்த்தை நீங்கள் முன்பே சொல்லியிருந்தால், இரண்டு வருடம் அவள் வாங்கிய சொல்லை வாங்கியிருக்கமாட்டாள்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாததில்லை. ஒரு நாளில் பத்துப் பிரசவம் பார்க்கிறீர்கள், ஒன்பதில் சிரிப்பு, ஒன்றில் இழவு. அந்த ஒன்றின் வாசலில் என்ன பேசுவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். அந்த மூத்த செவிலியரிடமும் வன்மம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவருடைய அம்மாவோ அத்தையோ ஒரு பிள்ளையை இப்படிப் பார்க்காமல் விட்டிருக்கலாம். எல்லாத் தாயும் பார்க்கத்தான் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சிலர் வேண்டாம் என்பார்கள், அதுவும் அவர்கள் உரிமை. கேளுங்கள் என்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். முன்கூட்டியே தெரிந்த கேஸ் என்றால், பிரசவத்துக்கு முன்பே கேட்டு அந்தத் தாளில் எழுதி வையுங்கள்: அம்மா பார்க்க வேண்டும், அப்பா கையில் கொடுக்க வேண்டும், படம் எடுக்கலாம், கால்தடம் வேண்டும். மயக்க ஊசியை அதற்குப் பிறகு போடுங்கள். வேறு தாய்மார்கள் பிள்ளைகளோடு படுத்திருக்கும் வார்டில் அவளைப் போடாதீர்கள். அடக்கத்தைத் தள்ளிப்போட வழியிருந்தால் அவள் கண் விழிக்கும்வரை தள்ளிப்போடும்படி ஆண்களிடம் சொல்லுங்கள். நாங்கள் யார் பேச்சைக் கேட்காவிட்டாலும் உங்கள் பேச்சைக் கேட்போம் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே.

இரண்டாவது கர்ப்பத்தின் கோப்பில், முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே "ஜி2 பி1 எல்0" என்று எழுதியிருந்தார்கள். அங்கிருந்த சிஸ்டரிடம் என் மனைவி அர்த்தம் கேட்டாள். சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்: இது இரண்டாவது கர்ப்பம், ஏற்கெனவே ஒரு பிரசவம், உயிரோடிருக்கும் பிள்ளை இல்லை. என் மனைவி அந்தக் கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டாள். நடுவிலிருந்த பி1ஐ விரலால் தொட்டு, "இதுதானே அவள்?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் சிஸ்டர்.

மகன் பிறந்தான். நன்றாக இருக்கிறான், இரண்டு சிறுநீரகமும் இருக்கின்றன. கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைக்கும்போது தனியாக ஓர் அகல் திடல் பக்கம் போகும், எதற்கு என்று இந்த வருடம் கேட்டான், சொன்னோம்.

இனி, காது. முதல் தடவை அவள் கேட்டபோது, "உன் காதேதான்" என்று சொன்னேன். பொய். அது கொஞ்சம் கீழே இறங்கி, மேல்விளிம்பு மடிந்து, தட்டையாக இருந்தது. மூக்கும் அமுங்கியிருந்தது. நீர் இல்லாத கருப்பை அமுக்கி அமுக்கி அப்படி ஆகும் என்று பின்னால் படித்தேன். அவளும் எங்கோ படித்திருக்கிறாள். ஒருநாள், "உண்மையைச் சொல்லுங்கள், எனக்குத் தாங்கும்" என்றாள். சொன்னேன். அழுதாள், பிறகு எந்தப் பக்கம் அதிகமாக மடிந்திருந்தது என்று கேட்டாள். வலது என்றேன்.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் மறுபடி கேட்டாள். மகன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் காதில் தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்திருந்தது. நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில்தான் தெரிந்தது, நான் அவன் காதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். வலதா இடதா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அவளைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், வேறு யாரிடம் போய்க் கேட்பது?

இப்படிக்கு,
ஒரு தந்தை